கடலைப் பார்த்துக் கட்டிய கை

முத்துக்குளிப்பு குத்தகைக்குப் போயிருந்த ஆண்டுகளில், கொண்டச்சிக்குத் தெற்கே கடலோர மணல்திட்டியில் ஒரு வெளிச்சவீடு எழும்பத் தொடங்கியது. கடல் அமைதியாகக் கிடந்த மாதங்களில் தோணிகள் கொண்டுவந்து இறக்கிய கருங்கல் கரையெல்லாம் குவிந்து கிடந்தது. அந்தக் கல்லை வைத்து, தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களிலும் வேலையை நிறுத்தாமல் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது கட்டுவேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த கொந்தராத்துக்காரரின் எண்ணம். அவர் கொழும்பில் இருந்தார். அவருடைய எண்ணத்தை நிறைவேற்றுவதற்காக, வேலையை மேற்பார்த்த ஓவசியர் செல்வநாயகம் கொண்டச்சி மணலில் கூடாரம் அடித்துக்கொண்டு இருந்தார்.

கல்லை உயரத்துக்கு ஏற்ற ஒரு பாரந்தூக்கி வந்திருந்தது. கோபுரத்தின் உச்சியில் நடுவே ஒரு தடித்த தூண். அதைச் சுற்றிலும் இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகள். தூணின் அடியிலிருந்து சரிவாக வெளியே நீண்டிருந்த மரத்தைத்தான் எல்லாரும் ‘கை’ என்றார்கள். அது கீழே சரியாமல் தூணின் தலையிலிருந்து கம்பிகள் பிடித்திருந்தன. கையின் நுனியில் கப்பி, கப்பியிலிருந்து தொங்கும் கம்பிக்கயிறு, அதன் முனையில் கொக்கி. கீழே மணலில் நின்ற நீராவி இயந்திரம் கயிற்றைச் சுற்றி இழுக்கக் கல் மேலே போகும். கோபுரம் வளர வளர அந்தப் பாரந்தூக்கியையும் கழற்றி மேலே மேலே ஏற்றி நிறுத்தினார்கள்.

உச்சியில் நின்று அதை நடத்தியவர் பள்ளிமுனைக் கொன்ஸ்ரன்ரைன். மன்னாருக்கும் கொழும்புக்கும் ஓடிய பாய்க்கப்பல்களில் பாய்மரம் ஏறி வேலை செய்தவர். நாற்பதைத் தாண்டிய பிறகு, கடலை விட்டுக் கரையில் ஒரு வேலை பாருங்கோ என்று மனைவி றஞ்சிதம் கேட்டுக்கொண்டதால் இங்கே வந்தார். எல்லாரும் அவரைப் பாஸ் என்று கூப்பிட்டார்கள். அவருக்குத் துணையாக மேலே நின்றவன் உப்புக்குளத்துத் தாவூது. கையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவது அவன் வேலை. பயம் அறியாதவன், வாய் ஓயாமல் பேசுகிறவன். அவனுடைய மனைவி உம்மு ஸல்மாவும் கூடவே வந்திருந்தாள். கோபுரத்தின் கரைப்பக்கமாகப் போட்டிருந்த குடிசை வரிசையில் அடுப்பு மூட்டி வேலையாட்களுக்குச் சமைத்துப் போட்டாள்.

குடிசைகள் அந்த இடத்தில் இருந்ததற்குக் காரணம் கிணறு. அந்தத் திட்டியில் நல்ல தண்ணீர் ஊறியது அங்கே மட்டும்தான். மற்றப் பக்கமெல்லாம் உவர் நிலமும் உடைமுள்ளும்.

எஞ்சினியர் ஹார்க்னஸ் துரை கண்டிப்பானவர், ஆனால் ஆட்களின் உயிரை மதிக்கிறவர். பாரந்தூக்கி வந்த அன்றே கொன்ஸ்ரன்ரைனையும் தாவூதையும் கூட்டிக்கொண்டு உச்சிக்கு ஏறி, அரைகுறைத் தமிழில் காற்றைப் பற்றிச் சொன்னார். தூணின் தலையில் ஒரு சிவப்புக் கொடி கட்டச் சொன்னார். கொடி மடியாமல் விறைத்து நின்றால் கல் தூக்கக் கூடாது. வேலை முடிந்து இறங்கும்போது கையை எதோடும் கட்டக் கூடாது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் அது தானாகத் திரும்பி நிற்க வேண்டும். பெருங்காற்று வரும் போல் இருந்தால் இயந்திரத்தால் கையை இறக்கிச் சுவரோடு சாய்த்துவிட வேண்டும். கொன்ஸ்ரன்ரைனுக்கு இதையெல்லாம் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நங்கூரம் போட்ட கப்பல் காற்றுக்கு ஏற்றபடி திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கண்டிருந்தார்.

வைகாசியில் கச்சான் பிறந்தது. அதோடு சங்கடமும் பிறந்தது.

உச்சியில் கொடி நாள் முழுக்க விறைத்து நின்றது. காலையில் ஒரு கொஞ்ச நேரம், பின்னேரத்தில் ஒரு கொஞ்ச நேரம் தவிர வேலை நடக்கவில்லை. செல்வநாயகம் கெட்ட மனிதர் அல்ல. ஆட்களைக் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அவருக்கு முன்னால் இருந்த ஓவசியரை வேலை மந்தம் என்று கொந்தராத்துக்காரர் ஒரே நாளில் துரத்தியிருந்தார். அந்தப் பயம் செல்வநாயகத்தின் சாப்பாட்டிலும் நித்திரையிலும் இருந்தது. ஒருநாள் அவர் கொடியைக் கழற்றிக் கொண்டுவரச் செய்து, தன் கூடாரத்துக்குப் பக்கத்தில், கற்குவியலின் மறைவில் நட்ட ஒரு கம்பில் கட்டினார். அங்கே கொடி சோம்பலாகத் தொங்கியது. கொன்ஸ்ரன்ரைன் போய், மேலே வீசுகிற காற்று வேறு, கீழே வீசுகிற காற்று வேறு என்று சொன்னார். தெரியும் பாஸ், ஆனால் என் நிலையையும் யோசியுங்கோ என்றார் செல்வநாயகம். ஹார்க்னஸ் துரை அப்போதே காய்ச்சலில் படுக்கையோடு கிடந்தார். கொடி இடம் மாறியதை அவர் காணவில்லை.

இன்னொரு சங்கடம் குடிசைகளில் இருந்தது. கச்சான் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று. கட்டாமல் விட்ட கை அந்தக் காற்றோடு திரும்பிக் கரைப்பக்கம் பார்த்து நின்றது. அதாவது குடிசைகளுக்கு நேர் மேலே. கொக்கியும் அதன் இரும்புக் குண்டும் கூரைகளுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. கப்பி இரவும் பகலும் கிறீச்சிட்டது. கப்பி ஆட ஆட அதன் ஆணி தேய்ந்து, ஒருநாள் மத்தியானம் கப்பியே கழன்று விழுந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த செபமாலை என்ற கல் சுமக்கிறவரின் குடிசை ஓலையைப் பிய்த்துக்கொண்டு அது அவர் நெஞ்சில் இறங்கியது. பக்கத்துக் குடிசையிலிருந்து ஓடிப்போய் முதலில் பார்த்தவள் உம்மு ஸல்மா. அவர் வாயைத் திறந்து எதையோ கேட்க முயன்றதையும், கேட்காமலே போனதையும் அவள் கண்டாள்.

செபமாலையை அரிப்புச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். ஹார்க்னஸ் துரை போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து இடத்தைப் பார்த்தார். குடிசைகளை உடனே அப்புறப்படுத்த வேண்டும், கையைக் கட்டவே கூடாது என்று செல்வநாயகத்திடமும் கொன்ஸ்ரன்ரைனிடமும் சொன்னார். அதற்கடுத்த நாள் காய்ச்சல் முற்றி நினைவு தப்பியது. அவரை மாட்டுவண்டியில் கிடத்தி மன்னாருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கொழும்புக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

குடிசைகள் அப்புறப்படவில்லை. கூரை வேயப் புதிதாகக் கிடுகு கொண்டுவர வேண்டும், முள்ளை வெட்ட வேண்டும், கிணற்றிலிருந்து அவ்வளவு தூரம் தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும், கச்சான் முடியட்டும் பார்க்கலாம் என்றார் செல்வநாயகம். சிலர் தாங்களாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு உவர் வெளிக்குப் போனார்கள். சோற்றிலும் கண்ணிலும் மணல் விழுந்தது. பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதன. அவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஒரு பின்னேரம் கொன்ஸ்ரன்ரைன் ஏணியால் இறங்கி வந்தபோது, கீழே குடிசைச் சனம் கூடி நின்றது. அவர்களுக்கு முன்னால் உம்மு ஸல்மா. கையில் சுளகு இருந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருந்தாள். தாவூது ஒரு பக்கமாகத் தலை குனிந்து நின்றான். அவன் இதைப் பற்றி முன்னரே மேலே வைத்துக் கேட்டிருந்தான். கொன்ஸ்ரன்ரைன் ஏலாது என்று சொல்லியிருந்தார்.

கையைக் கடல் பக்கம் திருப்பிக் கட்டிவிடும்படி அவள் கேட்டாள். துரையின் கட்டளையை அவர் சொன்னார். துரை கொழும்பில் நல்ல கூரைக்குக் கீழே படுத்திருக்கிறார் என்றாள் அவள். அப்போது கொன்ஸ்ரன்ரைன் அவள் கையிலிருந்த சுளகைக் காட்டினார்.

“அதைத் தூக்கிக் காத்துக்கு முன்னாலை சரிச்சுப் பிடியுங்கோ, தங்கச்சி.”

அவள் பிடித்தாள். காற்று சுளகை மேலே கிளப்பி, அவள் தலைக்குப் பின்னால் வளைத்துக்கொண்டு போனது. விடாமல் பிடித்திருந்ததால் அவளும் ஓர் அடி பின்னால் போனாள்.

“கையைக் கடலைப் பாத்துக் கட்டினால் இதுதான் நடக்கும். கீழை விழாமல் இருக்கத்தான் அதுக்குக் கம்பி இருக்கு. பின்னாலை சாயாமல் பிடிக்க ஒண்டும் இல்லை. பெருங்காத்து வந்தால் கை எழும்பித் தூணுக்கு மேலாலை பின்னுக்கு வரும். பின்னுக்கு இருக்கிறது உங்கடை குடிசையள்.”

உம்மு ஸல்மா சுளகை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். அவளுக்கு விளங்காமல் இல்லை.

“அது எண்டைக்கோ வாற காத்து, அண்ணை. இது ஒவ்வொரு நாளும் எங்கடை தலைக்கு மேலை நிக்குது. செபமாலை அண்ணன்ரை நெஞ்சை நான் பாத்தனான். இனி இதுக்குக் கீழை நான் எப்பிடிக் கண்ணை மூடுறது?”

கொன்ஸ்ரன்ரைன் மேலே நின்ற கையை அண்ணாந்து பார்த்தார். கட்டினாலும் குடிசைகள், கட்டாவிட்டாலும் குடிசைகள். குடிசைகளை மாற்றும் அதிகாரம் தன்னிடம் இல்லை. கயிறு ஒன்றுதான் தன் கையில் இருந்தது. அவர் சனத்தைப் பார்த்தார். பிறகு தாவூதைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் ஏறினார். இருவருமாகக் கையைக் கடலைப் பார்க்கத் திருப்பி, வலம் இடமாக இரண்டு தும்புக்கயிறுகளால் கட்டுமானத்தில் பதித்திருந்த இரும்பு வளையங்களோடு இறுக்கினார்கள்.

செல்வநாயகம் கூடாரத்து வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். குடிசைகளை மாற்றும் பேச்சு அதோடு போயிற்று.

அன்று குடிசைகளில் எல்லாரும் நன்றாக உறங்கினார்கள். அதற்குப் பிறகும் உறங்கினார்கள். வேலை தொடங்கும்போது கயிற்றை அவிழ்ப்பதும் முடியும்போது கடலைப் பார்த்துக் கட்டுவதும் வழக்கமாகிவிட்டது. தாவூது திரும்பவும் வாய் ஓயாமல் பேசினான். கொன்ஸ்ரன்ரைன்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இடைக்கிடை ஓவசியரிடம் போய், வேலை முடிந்ததும் கையை இறக்கிச் சாய்த்துவிட்டால் எந்தப் பயமும் இல்லை, இயந்திரத்தை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும் என்று கேட்டார். இறக்கினால் மறுநாள் ஏற்ற வேண்டும், அரைநாள் வேலை கெட்டுப்போகும் என்பதே பதில். துரை சுகமாகி வந்துவிடுவார் என்று கொன்ஸ்ரன்ரைன் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனி மாதத்தில் ஒரு காலை, கடலின் மேற்கு ஓரம் கறுத்துக் கிடந்தது. கடல் வேலைக்காரர்கள் ஒருவரும் வள்ளம் தள்ளவில்லை. கூடாரத்துப் பக்கத்தில் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே செல்வநாயகம் வேலை தொடங்கச் சொன்னார். உச்சியில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஒரு கல் பாதி தூரம் வந்ததும் காற்று அதை ஆட்டிச் சுவரில் மோதியது. ஒரு மூலை சிதறிக் கீழே தெறித்தது. கொன்ஸ்ரன்ரைன் யாரையும் கேட்காமல் கல்லை இறக்கும்படி கைகாட்டிவிட்டு, வழமைபோல் கையைக் கட்டி, கீழே வந்தார். இன்றைக்கு வேலை இல்லை என்று ஓவசியரிடம் சொன்னார். சிதறிய கல்லைப் பார்த்த செல்வநாயகமும் அதை மறுக்கவில்லை; கையை இறக்க மட்டும் அன்றும் விடவில்லை. ஆட்கள் குடிசைகளுக்குள் போனார்கள். இயந்திரத்தின் நெருப்பைக் கிளறி அணைத்தார்கள்.

மத்தியானத்துக்குள் காற்று கூடிற்று. மழையும் மணலும் கலந்து அடித்தது. கொன்ஸ்ரன்ரைன் கிணற்றடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கையின் நுனி மெல்ல எழும்புவதும், பிறகு தன் பாரத்தில் அமர்வதும் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் அது முன்னையைவிடக் கொஞ்சம் கூடுதலாக எழும்பியது. அவர் இயந்திரத்தடிக்கு ஓடினார். கையை இறக்க நீராவி வேண்டும். நெருப்பு அணைந்து, விறகும் கரியும் நனைந்து, அடுப்புக்குள் தண்ணீர் நின்றது. மூட்ட முயன்ற ஆள் கையை விரித்தான்.

ஒரே ஒரு வழி இருந்தது. கயிறுகளை அவிழ்த்துவிட்டால் கை காற்றோடு சுற்றிக் கரைப்பக்கம் திரும்பிவிடும். சுற்றும்போது எதையும் உடைக்கலாம். ஆனால் தூணோடு பிடுங்கிக்கொண்டு விழாது. அதற்கு முதல் குடிசைகளில் ஒரு ஆளும் இருக்கக் கூடாது.

அவர் உம்மு ஸல்மாவின் அடுப்படிக்குப் போய்ச் சொன்னார். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முக்காட்டை இறுக்கிக்கொண்டு குடிசை குடிசையாகப் போய் ஆட்களை எழுப்பி, கற்குவியலுக்கு அப்பால் கொண்டுபோய் இருத்தினாள். கை கட்டித்தானே இருக்கிறது, ஏன் நனைய வேண்டும் என்று சிலர் முறைத்தார்கள். அவள் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வேலையாட்களில் ஒருவரான யாகப்பர் மட்டும் வரவில்லை. அவருக்குக் குளிர் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் மனைவி பெற்றிசியா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். இந்த மழையில் வெளியே கிடத்தினால் ஒரு மணித்தியாலம் தாங்கமாட்டார், கட்டின கையை நம்பி உள்ளேயே இருக்கிறோம் என்றாள். கொன்ஸ்ரன்ரைன் அவளிடம் கெஞ்சினார். அவள் கதவுத் தட்டியை இழுத்துச் சாத்தினாள். யாகப்பரைத் தூக்கிவர இரண்டு பேரை அனுப்பும்படி உம்மு ஸல்மாவிடம் சொல்லிவிட்டு அவர் கோபுரத்துக்கு ஓடினார்.

ஏணியடியில் தாவூது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். இடுப்பில் வெட்டுக்கத்தி இருந்தது.

“நீ வரவேண்டாம், தம்பி. கீழை நில்லு.”

“கயிறு ரெண்டு, பாஸ். நீங்கள் ஒரு ஆள். ஒண்டை முதல் வெட்டினால் மற்றது உங்களை அடிச்சுப்போடும்.”

அவன் சொன்னது சரிதான். இருவரும் ஏறினார்கள்.

உச்சியில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. அதனால், கொன்ஸ்ரன்ரைன் தன் வலக்கையை உயர்த்திக் கீழே போட்டதும் ஒன்றாக வெட்ட வேண்டும் என்று ஏணியிலேயே பேசி வைத்திருந்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் இடது பக்கத்து வளையத்துக்குத் தவழ்ந்து போனார். தாவூது வலது பக்கத்துக்குப் போனான். அங்கே சுவர் புதிது. சாந்து இறுகி ஒரு கிழமைகூட ஆகவில்லை. கயிறு இரும்புக் கம்பி போல விறைத்திருந்தது. கொன்ஸ்ரன்ரைன் கத்தியை எடுத்துக்கொண்டு, எதிரே தாவூதைப் பார்த்தார். அவன் தயார் என்று தலையை ஆட்டினான். மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ பகிடி சொல்கிறவன் போல இருந்தான்.

கொன்ஸ்ரன்ரைன் தன் வலக்கையை உயர்த்தினார். அதைக் கீழே போடும் முன்பே அந்தப் பெருவீச்சு வந்தது.

பாரந்தூக்கியின் கை எழும்பியது. அதைத் தாங்கி நின்ற கம்பிகள் தளர்ந்து தொங்கியதை அவர் கண்டார். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. கை நெட்டுக்குத்தாக நிமிர்ந்து, ஒரு கணம் அப்படியே நின்றது. இடது பக்கத்துக் கயிறு தும்பு தும்பாக அறுந்தது. வலது பக்கத்துக் கயிறு அறவில்லை. அது பச்சைச் சாந்திலிருந்து வளையத்தைப் பிடுங்கியது. வளையத்தோடு சுவரின் ஒரு துண்டு போனது. அந்தத் துண்டில் முழங்காலூன்றி இருந்த தாவூதும் போனான். அவன் கத்தினானா என்பது கொன்ஸ்ரன்ரைனுக்குத் தெரியாது. பிறகு கை தூணையும் முறித்துக்கொண்டு பின்பக்கமாகக் குடிசைகளின் மேல் விழுந்தது.

யாகப்பரைத் தூக்கப் போன இருவரும் வாசலுக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை. அவர்கள் தப்பினார்கள். யாகப்பரும் பெற்றிசியாவும் கையின் மரத்துக்குக் கீழே இருந்தார்கள். காற்று அடங்கிய பிறகுதான் அதை அரிந்து எடுக்க முடிந்தது.

தாவூதை மறுநாள் கொண்டச்சி மையவாடியில் அடக்கினார்கள். கொன்ஸ்ரன்ரைன் ஜனாஸா ஊர்வலத்துக்குப் பின்னால் தூரமாக நடந்து போய், வேலிக்கு வெளியே நின்றார். உம்மு ஸல்மாவை அவளுடைய அண்ணன், அவள் நாநா என்று கூப்பிடுகிறவர், வந்து உப்புக்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

விசாரணை மன்னாரில் நடந்தது. ஹார்க்னஸ் துரை மெலிந்து, தடியூன்றி வந்திருந்தார். கையைக் கட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததை அவர் சொன்னார். குடிசைகளை அப்புறப்படுத்தச் சொல்லியிருந்ததையும் சொன்னார். முதலாவதைக் கேட்டவர்கள் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தார்கள். இரண்டாவதைப் பற்றிச் செல்வநாயகத்திடம் கேட்டபோது, துரை அப்போது காய்ச்சல் வேகத்தில் பலதும் சொல்லிக்கொண்டிருந்தார், அது கட்டளை என்று தான் நினைக்கவில்லை என்றார். குரல் நடுங்கித்தான் சொன்னார்; ஆனால் சொன்னார். குடிசைச் சனம் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றது. அவர்களுக்கு அங்கே இன்னும் வேலை இருந்தது. உம்மு ஸல்மா, கணவன் இறந்தால் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் இருந்தாள்; வெளியே வர முடியாது. அவளை யாரும் தேடவும் இல்லை.

யார் சொல்லிக் கையைக் கட்டினாய் என்று கொன்ஸ்ரன்ரைனிடம் கேட்டார்கள். ஒரு கைம்பெண்ணின் பெயரை அந்த இடத்தில் எடுக்க அவருக்கு நா எழவில்லை.

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் கட்டினனான்,” என்றார்.

அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவரை மறியலுக்கு அனுப்பிச் சிறையில் அடைத்தார்கள்.

வாடைக்காற்று வீசும் மாதத்தில் அவர் விடுதலையாகிப் பள்ளிமுனைக்கு வந்தார். வேலை தேடிப் போகவில்லை. போனாலும் கொடுக்க ஆளில்லை. மூன்று பேரைக் கொன்ற பாஸ் என்று அவர் பெயர் கரை முழுக்கப் பரவியிருந்தது. றஞ்சிதம் கருவாடு காயப்போட்டு வீட்டை நடத்தினாள். அவர் வலைக்கு ஈயம் கோத்துக் கொடுப்பார், அல்லது சும்மா இருப்பார். பூசைக்குப் போனால் கடைசி வாங்கில் இருந்துவிட்டு முதல் ஆளாக எழும்பி வருவார்.

ஒருநாள் பகல் உம்மு ஸல்மா வந்தாள். நாநா படலைக்கு வெளியே நின்றுகொண்டார். றஞ்சிதம் கதிரையை இழுத்துப் போட, அவள் இருக்காமல் கதவைப் பிடித்தபடி நின்றாள். கொன்ஸ்ரன்ரைன் எழும்பினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தார்.

அவள் நேராகவே கேட்டாள்.

“அண்ணை, அதைக் கட்டாமல் விட்டிருந்தால் அவர் இண்டைக்கு இருப்பாரோ?”

கொன்ஸ்ரன்ரைனுக்குப் பதில் தெரியும். மறியலில் கிடந்த ஒவ்வொரு நாளும் அதைத் தெரிந்துகொண்டுதான் இருந்தார். கட்டாமல் விட்டிருந்தால் கை காற்றோடு திரும்பி நின்றிருக்கும். வேறு எதுவும் விழுந்து வேறு யாரும் செத்திருக்கலாம். ஆனால் தாவூது அந்தப் பச்சைச் சுவரில் முழங்காலூன்றி இருந்திருக்க மாட்டான்.

“தெரியாது, தங்கச்சி,” என்றார். “காத்தின்ரை விசயத்தை ஆர் சொல்லுறது.”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் விசாரணையிலை என்ரை பேரைச் சொல்லேல்லை எண்டு நாநா சொன்னார். இப்பவும் அதைத்தான் செய்யிறியள்.”

“கட்டினது நான்.”

“கேட்டது நான்.”

றஞ்சிதம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவரையும் ஒருமுறை பார்த்துத் திரும்பப் போனாள். உம்மு ஸல்மா அதைத் தொடவில்லை. அழவும் இல்லை. பிறகு, தான் சொல்ல வந்த மற்றச் செய்தியைச் சொன்னாள். கொண்டச்சியில் வேலை திரும்பத் தொடங்கிவிட்டது. செல்வநாயகம் ஐயாவே இருக்கிறார். கொழும்பிலிருந்து புதுப் பாரந்தூக்கி வந்து ஏற்றியாகிவிட்டது. சமைக்க வரச்சொல்லி அவளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நாநாவின் வீட்டில் பிள்ளைகள் அதிகம்; அங்கே இன்னும் எவ்வளவு நாள் இருப்பது? நாளைக்குப் புறப்படுகிறாள்.

கொன்ஸ்ரன்ரைன் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார். குடிசைகளை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார்.

“அதே இடத்திலைதான். கிணறு அங்கைதானே இருக்கு.”

“கையை?”

“கட்டக் கூடாதாம். இந்த முறை அதிலை சரியான கண்டிப்பாம். கட்டினால் மறியல் எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கு.”

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். போகாதே என்று சொல்லலாம். போகாமல் அவள் எங்கே போவது என்று கேட்டால் அதற்குப் பதில் அவரிடம் இல்லை. கச்சான் மாதங்களில் மட்டுமாவது கரைப்பக்கத்துக் கடைசிக் குடிசையில் படுக்கச் சொல்லலாம் என்று நினைத்தார். கையின் நீளத்தை மனத்துக்குள் அளந்து பார்த்தார். கடைசிக் குடிசைக்கும் அது எட்டும்.

“போட்டு வாறன், அண்ணை,” என்றாள் உம்மு ஸல்மா.

“ஓம், தங்கச்சி. கவனமாயிருங்கோ,” என்றார் கொன்ஸ்ரன்ரைன். சொன்ன பிறகு அந்த வார்த்தையை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படலையைத் திறந்து போனாள். நாநா முன்னால் நடக்க, அவள் பின்னால் நடந்தாள். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை கொன்ஸ்ரன்ரைன் அந்த இடத்திலேயே நின்றார். பிறகு றஞ்சிதம் வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போய், முற்றத்தில் ஊற்றினாள்.